பாலைவனத்து ஆர்.வி. பார்க்கில் மூன்று இரவுகள்: ஜோஷுவா ட்ரீயின் வடக்கு வாசலில்

ஒரு பாலைவன ஆர்.வி. பார்க்கை, அதாவது படுக்கையும் கழிப்பறையும் கொண்ட வீட்டு வண்டிகளை மின், தண்ணீர் இணைப்போடு நிறுத்தித் தங்கும் இடத்தை, எடைபோட இரண்டு கேள்விகள் போதும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. பிற்பகல் 3 மணிக்கு, எல்லா வண்டிகளிலும் ஏசி ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில், அங்குள்ள மின்சாரம் தாக்குப்பிடிக்கிறதா? இரவு 10 மணிக்கு மேல் அங்கே இருட்டு இருட்டாகவே இருக்கிறதா? நீச்சல் குளமும் வைஃபையும் மற்றவையும் இவற்றுக்குப் பிறகுதான். கலிபோர்னியாவின் தென்கிழக்கில், ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவின் வடக்கு நுழைவாயிலை ஒட்டிய ட்வென்டிநைன் பாம்ஸ் என்ற ஊரில், ஒரு தனியார் ஆர்.வி. பார்க்கில் மே மாத நடுவில் 3 இரவுகள் தங்கினோம். முதல் கேள்வியில் அந்த இடம் முதல் நாளே தவறியது. இரண்டாவதில் மூன்று இரவுகளும் குறையே இல்லாமல் தேறியது. நடந்த தவறைச் சொல்ல வேண்டியிருப்பதால் இடத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆனால் அந்தத் தவறும் அதைச் சரிசெய்த விதமும், எந்தப் பாலைவன ஆர்.வி. பார்க்கில் இடம் பதிவு செய்பவருக்கும் பயன்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

நாங்கள் ஐந்து பேர். நான், மனைவி, ஒன்பது வயது மகள், ஊரிலிருந்து வந்திருந்த 71 வயது அப்பா, இவர்களோடு தன் காரில் தனியாக வந்து சேர்ந்துகொண்ட மைத்துனர். வாடகைக்கு எடுத்தது 28 அடி நீள வண்டி. அப்பா தரையில் படுத்து எழ முடியாதவர், இரவில் இரண்டு முறையாவது கழிப்பறைக்குப் போக வேண்டியவர். அவருக்காகத்தான் கூடாரத்தை விட்டு ஆர்.வி. என்று முடிவு செய்தோம். அவருக்காகத்தான் தேசியப் பூங்காவுக்குள் தங்காமல் வெளியே தங்கவும் முடிவு செய்தோம்.

இந்த இரண்டாவது முடிவைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பூங்காவுக்குள்ளேயே முகாம்கள் இருக்கின்றன. ஜம்போ ராக்ஸ் முகாமில் மட்டும் 124 இடங்கள் உண்டு. பெரிய பாறைகளுக்கு நடுவே வண்டியை நிறுத்தி உறங்குவது அருமையான அனுபவம்தான். ஆனால் அந்த முகாம்கள் எதிலும் வண்டிக்கு மின் இணைப்போ, தண்ணீர் இணைப்போ, கழிவுநீர் இணைப்போ கிடையாது. ஜெனரேட்டர் ஓட்டவும் காலை, நண்பகல், மாலை என்று குறிப்பிட்ட சில மணிநேரங்களில் மட்டுமே அனுமதி. ஹிடன் வேலி, ஒயிட் டேங்க் ஆகிய முகாம்களில் 25 அடிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு இடமே இல்லை. அக்டோபரிலோ மார்ச்சிலோ இவை எதுவும் பெரிய தடையல்ல. மே மாதத்தில், வயதானவரை வைத்துக்கொண்டு, ஏசி இல்லாத உலோகப் பெட்டிக்குள் பகலைக் கழிக்க முடியாது.

அதோடு, பார்த்தவுடன் தெரியாத ஒரு வேறுபாடும் உண்டு. ட்வென்டிநைன் பாம்ஸ் ஊர் ஏறக்குறைய 2,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஜம்போ ராக்ஸ் 4,400 அடியில் இருக்கிறது. அந்த உயர வேறுபாட்டால் உள்ளே வெப்பம் குறைவு, வெளியே கூடுதல். ஆக, ஆர்.வி. பார்க்கைத் தேர்ந்தெடுப்பவர் மின்சாரத்தைப் பெறுகிறார், ஆனால் அந்த மின்சாரம் இன்னும் அதிகமாகத் தேவைப்படும் இடத்தில் போய் நிற்கிறார். மின்சாரத்தைப் பற்றி இவ்வளவு கண்டிப்பாக நான் பேசுவதற்குக் காரணம் இதுதான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது பிற்பகல் 1 மணி. அலுவலகத்தில் பதிவு முடிந்ததும், இடம் வரையப்பட்ட தாளைக் கொடுத்து மேற்குக் கடைசி வரிசையைக் காட்டினார்கள். ஒவ்வொரு இடமும் சரளைக்கல் பரப்பிய நீண்ட செவ்வகம். ஒரு பக்கத்தில் நுழைந்து மறுபக்கத்தில் வெளியேறும்படி அமைந்திருந்ததால் பின்னோக்கி ஓட்ட வேண்டிய அவசியம் இல்லை. வாடகை வண்டி ஓட்டிப் பழகாதவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை ஒருமுறை பின்னோக்கி ஓட்டிப் பார்த்தவர்கள் அறிவார்கள். சரளை நன்கு சமன் செய்யப்பட்டிருந்தது. சமன்படுத்தும் பிளாஸ்டிக் கட்டைகளில் ஒன்றை முன் வலச் சக்கரத்தின் கீழ் வைத்ததோடு வேலை முடிந்தது. வரிசைகளுக்கு நடுவே தாமரிஸ்க் மரங்கள் வளர்ந்திருந்தன. சவுக்கு மரத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பது போன்ற தோற்றம்; அடர்த்தியான நிழல். காற்றைத் தடுக்க அந்தப் பகுதியில் பலகாலமாக நட்டு வளர்க்கும் மரம் இது. இலைகளிலிருந்து உப்பு படிந்த துகள்கள் உதிர்ந்து வண்டியின் கூரை மேல் விழுந்துகொண்டே இருந்தாலும், அந்த நிழலுக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் கடைசி வரிசைக்கு மட்டும் அந்த நிழல் எட்டவில்லை.

மின் கம்பத்தில் 30 ஆம்பியர் சாக்கெட் ஒன்று இருந்தது. எங்கள் வண்டியும் 30 ஆம்பியர் வண்டிதான். 120 வோல்ட்டில் 30 ஆம்பியர் என்றால் மொத்தம் 3,600 வாட். கூரையில் உள்ள ஏசி ஏறக்குறைய 1,500 வாட் எடுக்கும். மைக்ரோவேவும் அதே அளவு எடுக்கும். வெந்நீர்க் கொதிகலனை மின்சாரத்தில் போட்டால் அதுவும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இரண்டு சேர்ந்தால் தாங்கும், மூன்று சேர்ந்தால் பிரேக்கர் விழும். இந்தக் கணக்கை முன்பே தெரிந்துவைத்திருந்ததால் கொதிகலனை எரிவாயுவுக்கு மாற்றிவிட்டு, மைக்ரோவேவைத் தொடாமல், ஏசியை மட்டும் ஓடவிட்டோம். மைத்துனர் தன் பழைய டிரெய்லருக்காக வாங்கிவைத்திருந்த வோல்டேஜ் பாதுகாப்புக் கருவியைக் கொண்டுவந்து கம்பத்துக்கும் எங்கள் கம்பிக்கும் நடுவே மாட்டினார். மின்னழுத்தம் 104 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது தானாகவே இணைப்பைத் துண்டித்துவிடும். மாட்டியபோது அதன் திரையில் 112 என்று காட்டியது.

2 மணிக்கு மேல் ஒவ்வொரு வண்டியாக ஏசி ஓடத் தொடங்கியது. திரையில் எண் 109 ஆயிற்று, பிறகு 107. எங்கள் ஏசியின் கம்ப்ரசர் நின்று மீண்டும் கிளம்பும் ஒவ்வொரு முறையும் எண் நொடிப்பொழுது கீழே போய் வந்தது. 3 மணிக்குச் சற்று முன் கருவி இணைப்பைத் துண்டித்தது. சில நிமிடங்கள் காத்திருந்து மறுபடி இணைத்தது. கம்ப்ரசர் கிளம்பியதும் மறுபடி துண்டித்தது. வெளியே 99 பாரன்ஹீட், அதாவது 37 செல்சியஸ். வண்டியின் மெல்லிய சுவர்களும் தகடுகளும் வெப்பத்தை எவ்வளவு விரைவாக உள்ளே விடும் என்பதை அன்றுதான் பார்த்தேன். கால்மணி நேரத்துக்குள் உள்ளே இருக்க முடியவில்லை. அப்பாவை மைத்துனரின் காரில் உட்காரவைத்து, கார் ஏசியைப் போட்டுவிட்டு, நான் கம்பத்தருகே போனேன். பிளக்கைக் கழற்றியபோது அதன் மூன்று தகடுகளில் ஒன்று தேன் நிறத்தில் பழுத்திருந்தது. அதைச் சுற்றியிருந்த ரப்பர் தொட்டால் சுடும் அளவுக்குச் சூடேறி, லேசான கருகல் வாடையும் வந்தது. பல ஆண்டுகளாகச் செருகிப் பிடுங்கியதில் சாக்கெட்டின் உள்ளிருக்கும் பிடிப்பு தளர்ந்து, தகட்டைச் சரியாகக் கவ்வாமல் இருந்ததே அந்தச் சூட்டுக்குக் காரணம். மின்னழுத்தம் இறங்கியதற்குக் காரணம் வேறு.

அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்ன பத்தே நிமிடங்களில், அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் கோல்ஃப் வண்டியில் மல்டிமீட்டரோடு வந்தார். கம்பத்தைத் திறந்து அளந்தார். பிளக்கின் நிறத்தைப் பார்த்ததும் தலையை அசைத்தார். மின்மாற்றியிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் வரிசை அது என்றும், கம்பியின் நீளத்தால் கூட்டமான பிற்பகல்களில் மின்னழுத்தம் இறங்குவது உண்டு என்றும் மறைக்காமல் சொன்னார். அங்கேயே அந்தக் கம்பத்தின் பிரேக்கரை இறக்கிவிட்டு, சாக்கெட்டின் மேல் சிவப்பு நாடாவை ஒட்டினார். நடு வரிசையில், தாமரிஸ்க் நிழல் விழும் இடம் ஒன்றுக்கு எங்களை மாற்றினார். அந்த இடத்தின் கம்பத்தில் 50 ஆம்பியர் சாக்கெட்டும் இருந்தது. அதில் எங்கள் 30 ஆம்பியர் கம்பியைச் செருக உதவும் குட்டையான அடாப்டரை அலுவலகத்திலிருந்து கொண்டுவந்து இரவலாகக் கொடுத்தார். 50 ஆம்பியர் சாக்கெட்டுகளில் செருகுபவர்கள் குறைவு என்பதால் அவற்றின் பிடிப்பு பெரும்பாலும் இறுக்கமாகவே இருக்கும் என்றார். அன்றிரவுக் கட்டணத்தில் பாதியைக் கழித்தும் கொண்டார்கள். புதிய இடத்தில், மறுநாள் பிற்பகல் 3 மணிக்கு நான் குறித்துவைத்த அளவு 114 வோல்ட்.

அவர் நடந்துகொண்ட விதத்தில் எனக்கு மதிப்பு மட்டுமே இருக்கிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு வரிசை வலுவற்றது என்று நிர்வாகத்துக்குத் தெரிந்திருக்கும்போது, மே மாதத்தில், முதியவர் ஒருவரோடு வரும் குடும்பத்தை அந்த வரிசையில் நிறுத்தியிருக்கக் கூடாது. பதிவுப் படிவத்தில் வண்டியின் நீளத்தைக் கேட்டார்கள், நாய் இருக்கிறதா என்று கேட்டார்கள். யார் யார் வருகிறார்கள் என்று கேட்கவில்லை. எங்களிடம் பாதுகாப்புக் கருவி இல்லாமல் இருந்திருந்தால், குறைந்த மின்னழுத்தத்தில் ஏசி தொடர்ந்து ஓடி, அதன் மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்து, உள்ளே சூடேறிக் கெட்டுப்போயிருக்கும். அல்லது அந்தத் தளர்ந்த சாக்கெட் உருகியிருக்கும். வாடகை வண்டிகளில் இந்தக் கருவி எப்போதும் இருக்கும் என்று நம்ப முடியாது. வண்டியைக் கையில் வாங்கும்போதே கேளுங்கள். இல்லையென்றால் இரவல் வாங்கியாவது கொண்டுபோங்கள். செருகி ஒருமணி நேரம் கழித்து பிளக்கின் மேல் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு, கையை எடுக்கவைக்கும் சூடு இயல்பல்ல.

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அழுத்தம் நன்றாகவே இருந்தது, எனவே அழுத்தக் குறைப்பான் கட்டாயம் வேண்டும். கடினநீர், இரண்டு நாளில் கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவம் தெரிந்தது. குடிப்பதற்குத் தனியாகத் தண்ணீர் வாங்கிக்கொண்டோம். பாலைவனத்துக்கே உரிய ஒரு விஷயம்: வெயிலில் கிடக்கும் குழாயில் நிற்கும் தண்ணீர் பிற்பகலில் கொதிநீர் போலச் சூடாகிவிடும். மகள் கை கழுவக் குளிர்ந்த நீர்க் குழாயைத் திறந்து, சுட்டதால் கையை இழுத்துக்கொண்டாள். அதன் பிறகு குழாயை வண்டியின் அடியில் நிழலில் சுருட்டிவைத்தோம். முதலில் வரும் சில லிட்டர்களை ஒரு வாளியில் பிடித்துப் பாத்திரம் கழுவ வைத்துக்கொண்டோம்.

கழிவுநீர் இணைப்பில் சிறிய குறை ஒன்று. தரையில் உள்ள வடிகுழாயின் வாய், மாறிவந்த இடத்தில், சரளையின் மட்டத்திலிருந்து ஒரு சாண் உயர்ந்து நின்றது. அது தரையோடு தரையாக இருந்தால் கழிவு தானே வடிந்துவிடும். உயர்ந்து நின்றால் நெகிழ்குழாயின் தாழ்ந்த பகுதியில் தேங்கும். குழாயைத் தாங்கும் மடிப்புச் சட்டத்தைப் பயன்படுத்திச் சரிவை உண்டாக்கிச் சமாளித்தோம். புதியவர்களுக்கு ஒரு சொல்: இணைப்பு இருக்கிறதே என்று கழிப்பறைத் தொட்டியின் வால்வை எப்போதும் திறந்துவைக்காதீர்கள். நீர் மட்டும் ஓடிப்போய்த் திடக்கழிவு அடியில் தங்கிவிடும், அந்த வெயிலில் அதன் நாற்றத்தைத் தாங்க முடியாது. தொட்டி முக்கால்வாசி நிறைந்ததும் அதை முதலில் திறந்து, பிறகு குளியல், சமையல் நீர்த் தொட்டியைத் திறந்தால், பின்னது முன்னதன் குழாயைக் கழுவிக்கொண்டு போகும்.

குளியலறைகள் பழையவை, ஆனால் நாள்தோறும் இருமுறை கழுவினார்கள். தரையில் வழுக்காத பாய், கைப்பிடிக் கம்பி, உட்கார்ந்து குளிக்க மடக்கு இருக்கை ஆகிய மூன்றும் ஓர் அறையில் இருந்ததால் அப்பா மூன்று நாளும் அங்கேயே குளித்தார். துணி துவைக்கும் இயந்திரங்கள் வேலை செய்தன. வைஃபை மாலையில் பயன்படவில்லை. குளத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, மகளுக்குப் பிடித்திருந்தது.

காற்று பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. இரண்டாம் நாள் மாலை 5 மணிவாக்கில், எந்த அறிகுறியும் இல்லாமல் மேற்கிலிருந்து காற்று கிளம்பியது. வண்டியின் பக்கவாட்டில் விரித்திருந்த நிழல்கூரையை விட்டுவிட்டு நாங்கள் உள்ளே இருந்தோம். அடுத்த இடத்தில் இருந்த முதியவர் கதவைத் தட்டி அதை மடக்கச் சொன்னார்; சொன்ன கையோடு தானும் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். மடக்கி முடித்த ஐந்தாவது நிமிடத்தில் மடக்கு நாற்காலிகள் சரளை மேல் உருண்டோடின. குளிர்காலம் முழுவதும் அங்கேயே தங்குகிறவர்களில் அவரும் ஒருவர். கனடாவிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் பனிக்காலத்தில் தெற்கே வந்து, வெயில் ஏறியதும் திரும்பிப் போகும் அவர்களைப் பனிப்பறவைகள் என்று அங்கே அழைக்கிறார்கள். மே மாதத்தில் பெரும்பாலோர் கிளம்பிவிட்டிருந்ததால் இடம் எளிதாகக் கிடைத்தது. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் அப்படிக் கிடைக்காது. நிழல்கூரையைப் பொறுத்தவரை, அதன் அடியில் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் விரித்துவையுங்கள். வண்டியை விட்டு நகர்ந்தால் மடக்கிவிடுங்கள்.

இனி இருட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த இடத்தின் மெய்யான சிறப்பு அதுதான். ஜோஷுவா ட்ரீ 2017-ல் சர்வதேச இருள் வானப் பூங்காவாக அங்கீகரிக்கப்பட்டது. ஆனால் பூங்காவின் எல்லைக்கு வெளியே இருக்கும் விடுதிகளுக்கும் ஆர்.வி. பார்க்குகளுக்கும் அந்த அங்கீகாரம் எதையும் கட்டாயமாக்குவதில்லை. பாதுகாப்பு என்ற பெயரில் உயரமான கம்பங்களில் வெள்ளை எல்.இ.டி. விளக்குகளை விடிய விடிய எரியவிடும் இடங்களில் நான் தங்கியிருக்கிறேன். அங்கே படுத்துக்கொண்டு பாலைவன வானம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். இந்த இடத்தில் பாதையோர விளக்குகள் முழங்காலுக்குக் கீழே, மஞ்சள் நிறத்தில், மேற்புறம் மூடப்பட்டு, ஒளி தரையில் மட்டும் விழும்படி அமைந்திருந்தன. நடக்க அது போதும், கண்ணைக் கூசவைக்காது. குளியலறைக் கட்டடத்தின் வெளி விளக்கு ஆள் வந்தால் எரிந்து, போனால் அணைந்தது. எங்களுக்கு எதிரே நின்ற வண்டியில் நிழல்கூரையின் விளிம்பு நெடுக வண்ண விளக்குச் சரம் எரிந்துகொண்டிருந்தது. 10 மணிக்கு அதே அம்மையார் நடந்தே வந்து, கதவைத் தட்டி, மெல்லிய குரலில் ஏதோ சொன்னார், விளக்கு அணைந்தது. இப்படி ஒரு விதியை எழுதி ஒட்டுவது எல்லோராலும் முடியும். இரவு 10 மணிக்கு நடந்து வந்து சொல்வதற்கு அந்த இருட்டின் மேல் அக்கறை இருக்க வேண்டும்.

அமாவாசையை ஒட்டிய நாட்களைப் பார்த்துத்தான் நாங்கள் தேதி குறித்திருந்தோம். எதிர் வண்டியின் விளக்கு அணைந்த பிறகு கண் பழகக் கால்மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வடக்கே உயரத்தில் சப்தரிஷி மண்டலம் முழுமையாக விரிந்திருந்தது. தென்கிழக்கே விருச்சிகம் எழுந்துகொண்டிருந்தது. நடுவே கேட்டை நட்சத்திரம் சிவந்து துலங்கியது. அப்பா நாற்காலியைச் சற்றுத் திருப்பிப் போட்டுக்கொண்டு, பேத்தியை அருகே இழுத்து, வசிஷ்டரைக் காட்டி அதன் ஓரத்தில் அருந்ததியைக் காட்டினார். “எங்கள் கல்யாணத்தில் ஐயர் காட்டியபோது தெரிந்ததாகத் தலையாட்டிவைத்தேன், கண்ணு. உண்மையில் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்” என்றார். கண்புரை அறுவை செய்துகொண்ட கண்கள் அவருடையவை. நள்ளிரவுக்குப் பின் அவர் கழிப்பறைக்காக எழுந்தபோது நானும் எழுந்தேன். பால்வீதி விருச்சிகத்தின் வாலை ஒட்டித் தெற்கு வானத்தில் புகை போலக் கிடந்தது. அவர் பத்து நிமிடம் படிக்கட்டிலேயே நின்றார். கயோட்டிகள் என்ற சிறிய ஓநாய் போன்ற விலங்குகள் தூரத்தில் ஊளையிட்டுக்கொண்டிருந்தன.

ஒலியைப் பற்றி முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. ஊருக்கு வடக்கே அமெரிக்க மரைன் படையின் மிகப் பெரிய பயிற்சித் தளம் இருக்கிறது. சில இரவுகளில் பீரங்கிப் பயிற்சியின் அதிர்வு தாழ்ந்த இடிபோலக் கேட்கும். ஊர்க்காரர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. குழந்தைகளுக்கு முன்பே சொல்லிவைத்தால் போதும்.

இருப்பிடம் என்ற அளவில் இந்த ஊர் மேற்கு வாசலை ஒட்டிய ஜோஷுவா ட்ரீ கிராமத்தை விடச் சிறந்தது என்பேன். வார இறுதிகளில் மேற்கு நுழைவாயிலில் கார்கள் நீண்ட வரிசையில் நிற்கும். வடக்கு வாசலில் நாங்கள் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. ஒரு காருக்கு 30 டாலர் நுழைவுக் கட்டணம், 7 நாட்களுக்குச் செல்லும். ஆனால் ஆர்.வி. பார்க்கைச் சுற்றி ஜோஷுவா மரம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையே என்று மகள் முதல் நாளே ஏமாந்தாள். அந்த மரம் மொஹாவி பாலைவனத்தின் உயரமான நிலத்துக்கு உரியது. தாழ்வான இந்தப் பக்கத்தில் கிரியோசோட் புதர்கள்தான். மேலே ஏற ஏற முதலில் ஒன்றிரண்டாகவும், பிறகு கூட்டமாகவும் அவை தோன்றுவதைக் கார் சன்னலிலிருந்து பார்ப்பதும் ஒரு பாடம்தான். தெற்கே பின்டோ வடிநிலத்துக்கு இறங்கினால் அவை மறைந்து, சோயா (cholla) எனப்படும் முள் அடர்ந்த கள்ளிகள் தொடங்குகின்றன. அந்தக் கள்ளித் தோட்டத்துக்குப் போகிறவர்கள் ஒரு சீப்பைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது. ஒட்டிக்கொண்ட முள்கொத்தைக் கையால் பிடுங்கினால் கை முழுதும் ஏறும், சீப்பின் பற்களால் தட்டிவிட வேண்டும்.

அதிகம் நடக்க முடியாதவரோடு வருபவர்களுக்கு ஊருக்குள்ளேயே ஓரிடம் இருக்கிறது. மாரா பாலைச்சோலையைச் சுற்றி அரை மைல் நீளத்துக்குச் சமதளமான நடைபாதை போட்டிருக்கிறார்கள். நிலத்தடிப் பிளவு ஒன்று நீரை மேலே தள்ளுவதால் உண்டான சோலை அது. செரானோ, செமவேவி மக்கள் வாழ்ந்த இடம். அங்கே பிறந்த ஒவ்வோர் ஆண் குழந்தைக்கும் ஒரு பனை நட்டதில் முதலாண்டில் 29 ஆனதாகவும், ஊரின் பெயர் அதனால் வந்ததாகவும் சொல்வழக்கு. கலிபோர்னியாவில் இயல்பாக வளரும் ஒரே பனையினமான விசிறிப்பனை அது. காய்ந்த ஓலைகள் உதிராமல் பாவாடை போலத் தண்டைச் சுற்றித் தொங்கும். அப்பாவின் கண்ணில் பனையை விட முதலில் பட்டது அதன் ஓரத்தில் வளர்ந்திருந்த மெஸ்கீட். நம்மூர்ச் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. அதே முள், அதே காய். ஊரில் பிடுங்கி எறிய முடியாமல் தவிக்கும் செடியின் இனத்தை இங்கே பெயர்ப்பலகை வைத்துக் காப்பாற்றுகிறார்கள் என்று அவர் நெடுநேரம் அதைப் பற்றியே பேசினார். அது பிறந்த மண்ணில் அதற்கு உரிய இடம் இருக்கிறது என்பதே அதற்கு விடை.

காலை 8 மணிக்குள் கிளம்பி, 12 மணிக்குள் திரும்பி, பிற்பகலை ஏசியில் கழித்து, மாலையில் மீண்டும் போவது என்று நாங்கள் வைத்துக்கொண்ட ஒழுங்கு இந்த இருப்பிடத்தால்தான் முடிந்தது. ஒரு மாலை 5,185 அடி உயரத்தில் உள்ள கீஸ் வியூவுக்குப் போனோம். அங்கே மேலங்கி தேவைப்பட்டது. திரும்பி வந்து வண்டியில் ஏறியபோது ஏசி தேவைப்பட்டது. பூங்காவுக்குள் கைப்பேசித் தொடர்பு பெரும்பாலும் இருக்காது, உட்பகுதியில் தண்ணீரும் கிடைக்காது. ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 4 லிட்டர் என்ற கணக்கில் காரிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். நிறுத்திய காரைக் கிளப்பும் முன் அடியில் குனிந்து பார்க்கவும் வேண்டும். நிழல் தேடிப் பாலைவன ஆமை அங்கே ஒதுங்கியிருக்கக்கூடும்.

இங்கே கார் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். மைத்துனரின் கார் இல்லாவிட்டால் இந்தப் பயணத்தின் பாதி நடந்திருக்காது. ஆர்.வி. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வருபவர், ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் மூன்றையும் கழற்றி, பொருட்களைக் கட்டிவைத்து, திரும்பி வந்து மறுபடி மாட்ட வேண்டும். பூங்காவுக்குள் நல்ல நடைபாதைகள் தொடங்கும் இடங்களில் உள்ள சிறிய வாகன நிறுத்தங்களில் 28 அடி வண்டிக்கு இடம் கிடைப்பதும் அரிது. கூடவே ஒரு கார் வரும் வழி இல்லையென்றால், ஊரிலேயே ஒரு சாதாரண அறை எடுத்துக் காரில் சுற்றுவதைத்தான் சொல்வேன்.

எங்களிடம் இரவுக்கு 72 டாலர் வாங்கினார்கள். நடு வரிசையில், நிழலில், 50 ஆம்பியர் இணைப்போடு கிடைக்கும் இடத்துக்கு அது நியாயமான விலை. மேற்குக் கடைசி வரிசைக்கு மே முதல் செப்டம்பர் வரை அதே விலையை வாங்குவது நியாயமல்ல; அந்தச் சாக்கெட்டுகளை மாற்றி, கம்பியைப் புதுப்பிக்கும் வரை குளிர்காலத்துக்கு மட்டும் அதை வாடகைக்கு விட வேண்டும் என்று கிளம்பும்போது அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இணையத்தில் பதிவு செய்யாமல் தொலைபேசியில் பேசி, மின்மாற்றிக்கு அருகேயுள்ள வரிசை எது, 50 ஆம்பியர் கம்பம் எங்கே இருக்கிறது என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள், கேட்டால் கொடுக்கிறார்கள்.

அப்பா ஆகஸ்டில் ஊர் திரும்புகிறார். அதற்கு முன் இன்னொரு முறை போக முடியாத வெயில். நாங்கள் மட்டும் நவம்பர் அமாவாசையை ஒட்டி 2 இரவுகளுக்கு அதே நடு வரிசை இடத்தைப் பதிந்திருக்கிறோம்.